ஊரைச் சுற்றிய சொல்

ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கிழக்குத் தாம்பரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு கேள்வி காதில் விழும். வாசலில் பைக்கை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து அது கிளம்பும். செங்கல்பட்டுப் பக்கத்துக் குடும்பம் என்றால், “எங்கடா சுத்தினு வர்ற?” மதுரைக்காரர் வீடு என்றால், “எங்குட்டுடா சுத்திட்டு வர்ற?” திருநெல்வேலி வீடாக இருந்தால், “எங்கல அலைஞ்சிட்டு வார?” பதில் மட்டும் மூன்று வீட்டிலும் ஒன்றுதான்: “சும்மாதாம்மா.”

தெற்கிலிருந்து வரும் ரயில்கள் சென்னைக்குள் நுழையும் வாசல் தாம்பரம். விடிகாலையில் மூட்டை முடிச்சோடு இங்கே இறங்கியவர்களில் பலர் பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர், செம்பாக்கம் என்று வீடு பிடித்து அப்படியே தங்கிவிட்டார்கள். அவர்களோடு வந்த பேச்சும் தங்கிவிட்டது. காரியம் எதுவும் இல்லாமல் வெளியே போய்வருவதற்குத் தமிழில் எத்தனை சொல் உண்டோ, அதில் பாதிக்கு மேல் இங்கே ஒரே தெருவில் கேட்கலாம்.

கேட்டுப் பழகியவர்களுக்கு அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் தெரியும். ‘சுத்தறான்’ என்றால் அவனாக, ஆசைப்பட்டுப் போகிறான். பையில் கொஞ்சம் காசும் வண்டியில் பெட்ரோலும் இருக்கிறது. ‘அலையறான்’ என்றால் ஏதோ ஒன்று அவனைத் துரத்துகிறது. வேலைக்கு அலைவான், கடனுக்கு அலைவான், ஒரு சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கும் வீட்டுக்கும் அலைவான். திருநெல்வேலிக்காரர்கள் மட்டும் இந்த இரண்டையும் ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார்கள். ‘திரியறான்’ என்றால் ஆள் நிலைமாறிப் போயிருக்கிறான். குடித்துவிட்டுத் திரிவான், பித்துப் பிடித்துத் திரிவான். பால் கெட்டாலும் ‘திரிஞ்சு போச்சு’ என்றுதானே சொல்கிறோம்! ‘உலாத்தறார்’ என்றால் ரிட்டயர் ஆனவர், கை இரண்டையும் பின்னால் கட்டியிருப்பார். ‘ஊர் மேயறான்’ என்று வந்துவிட்டால் சொல்கிறவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது என்று அர்த்தம். மனிதனை மாட்டுக் கணக்கில் சேர்த்தாயிற்று.

இந்தக் கூட்டத்தில் அதிக தூரம் வந்த சொல் ‘சுற்று’தான். கோயில் பிரகாரம், அரசாங்கக் கோப்பு, சினிமா தியேட்டர், டெலிவரி பைக் என்று அது ஏறி இறங்காத இடம் இல்லை. இடத்துக்கு இடம் அதன் மரியாதையும் ஏறி இறங்கியிருக்கிறது.

பிறந்த வீடு

சுற்று என்ற வினையிலிருந்து வந்த பழைய பெயர்களில் ஒன்று சுற்றம். ஒருவனைச் சுற்றி இருப்பவர்கள், அவனுடைய மனிதர்கள். உறவைப் பேணுவது எப்படி என்று சொல்ல வள்ளுவர் ‘சுற்றந்தழால்’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். குறளில் அது 53-ஆவது. இந்தப் பொருள் தமிழோடு நிற்கவில்லை. தெலுங்கில் உறவினர்களுக்குச் ‘சுட்டாலு’ என்று பெயர். கன்னடத்தில் ‘சுத்து’ என்றால் சுற்று. மலையாளத்தில் ஊர்சுற்றுவதைச் ‘சுற்றிக் கறங்ஙுக’ என்கிறார்கள். ஒரு வேரில் கிளைத்த சொற்கள் இவை. ஒரு புள்ளியை நடுவில் வைத்து அதை விட்டு விலகாமல் வருவதுதான் அந்த வேரின் பொருள். ஊர் சுற்றுகிறவனையும் அவனைத் திட்டுகிற சுற்றத்தையும் ஒரே சொல் பெற்றது என்பது இந்தக் குடும்பத்தின் தமாஷ்.

பிறகு சொல் இரண்டு பாதையாகப் பிரிந்தது. நேற்று ‘நேத்து’ ஆனதுபோல, காற்று ‘காத்து’ ஆனதுபோலப் பேச்சில் சுற்று ‘சுத்து’ ஆயிற்று. எழுத்தில் இருந்த ‘சுற்று’ நல்ல சட்டை போட்டுக்கொண்டு வளர்ந்தது. சுற்றறிக்கை என்று ஆபீஸ் மேசைக்குப் போனது. சுற்றுச்சூழல் என்று பாடப்புத்தகத்தில் ஏறியது. சுற்றுப்பயணம் என்று அரசியல் தலைவர்களோடு கிளம்பியது. உலாவோடு சேர்ந்து சுற்றுலா ஆகி, 1971-இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகையிலும் இடம் பிடித்தது. பேச்சில் நின்றுபோன ‘சுத்து’ வாசற்படியில் நின்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தது. முதலமைச்சர் மாவட்டங்களுக்குப் போனால் சுற்றுப்பயணம். பக்கத்து வீட்டுப் பையன் போனால் ஊர் சுத்தறான்.

கோயிலில் இந்த வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். தாம்பரத்துக்குக் கிழக்கே மாடம்பாக்கத்தில் சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயில் இருக்கிறது. படுத்த யானையின் முதுகைப்போல வளைந்த கருவறை. இந்த அமைப்பைத் தூங்கானை மாடம் என்பார்கள். பிரதோஷத்தன்று அந்த வளைவை ஒட்டிக் கூட்டம் சுற்றி வரும். போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்றும் கிடையாது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவதுதான் காரியம். திருவண்ணாமலையில் அதையே 14 கிலோமீட்டருக்கு நீட்டி, ராத்திரி முழுக்க நடக்கிறோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சிறப்புப் பேருந்து விட்டு அரசாங்கமும் அதற்குத் துணை நிற்கிறது. விடிகாலையில் கால் கடுக்கத் திரும்பி வரும் பிள்ளையை எந்த அம்மாவும் கோபித்துக்கொள்வதில்லை. சுற்றியது ஊரை இல்லை, மலையை.

யார் சுற்றினால் இலக்கியம்

பழந்தமிழில் ஊர் ஊராகப் போனவர்கள் பாணர்கள். யாழைத் தூக்கிக்கொண்டு, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு, கொடுக்கிற கையைத் தேடிப் போனார்கள். பரிசு வாங்கித் திரும்புகிறவன் எதிரே வருகிற வறியவனுக்கு வழி சொல்லி அனுப்புவதையே ஒரு பாட்டு வகையாக்கி, ஆற்றுப்படை என்று பெயர் வைத்தார்கள். பத்துப்பாட்டில் பாதி அதுதான். பசித்துப் போகிறவனுக்கு எந்த வழியில் எந்த நிலம் வரும், எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்று சொல்லும் பாட்டு. அலைச்சலுக்கு அவ்வளவு மரியாதை கிடைத்தது அந்தக் காலத்தில்தான்.

அடுத்து வந்தது உலா. சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞான உலாவை ஆதியுலா என்பார்கள். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் மூன்று சோழ மன்னர்கள்மேல் பாடியது மூவருலா. எல்லா உலாவுக்கும் கட்டுமானம் ஒன்றே. தலைவன் வீதியில் பவனி வருவான்; பேதையிலிருந்து பேரிளம்பெண்வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்த்து மயங்குவார்கள். அவன் எதற்காக வீதிக்கு வந்தான் என்று கேட்பாரில்லை. யானைமேல் ஏறி ஊரைச் சுற்றியவனுக்கு ஒரு பிரபந்தம் கிடைத்தது. மாடத்திலும் தெருமுனையிலும் நின்று பார்த்தவர்களுக்குக் கை வளை கழன்றதுதான் மிச்சம். ஆண் சுற்றுவான், பெண் பார்ப்பாள் என்ற ஏற்பாடு தெருவில் வந்த வழக்கம் என்று நினைக்கிறோம்; இலக்கணம் போட்டுக் கொடுத்தது இலக்கியம்.

கல்லைத் தேடியவரும் காவலில் இருந்தவர்களும்

1863 மே 30-ஆம் தேதி, பல்லாவரத்தில் ஒரு வெள்ளைக்காரர் சரளைக் குழி ஒன்றைக் கிளறிக்கொண்டிருந்தார். ராபர்ட் புரூஸ் ஃபூட், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காரர். கையில் ஒரு கல் அகப்பட்டது. அது தானாக உடைந்த கல் இல்லை, மனிதன் செதுக்கிய கைக்கோடரி என்று கண்டுகொண்டார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சாட்சி அது. அடுத்த சில மாதங்களில் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. இன்றைக்கு ஜிஎஸ்டி சாலையில் பஸ்ஸுக்கு நிற்பவர்களின் காலடிக்குச் சற்றுத் தள்ளி, வீடு என்று ஒன்று இல்லாமல் இரை தேடிச் சுற்றிய மனிதர்களின் கருவி கிடந்திருக்கிறது. அதைக் கண்டெடுத்தவரும் ஊர் ஊராகச் சுற்றித்தான் கண்டெடுத்தார். அவருக்குச் சம்பளம் இருந்தது, பதவி இருந்தது. அதனால் அது கள ஆய்வு.

அதே அரசாங்கம் சம்பளமில்லாமல் சுற்றியவர்களை வேறு கணக்கில் எழுதியது. 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் அது விரிந்தது. பட்டியலில் சேர்த்த சமூகத்தில் பிறந்தாலே போதும், போலீசில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஊரை விட்டுப் போக அனுமதி வாங்க வேண்டும். உப்பும் தானியமும் மாட்டில் ஏற்றி ஊர் ஊராக விற்றுவந்த குறவர்கள் போன்றவர்களுக்குப் பிழைப்பே பயணம்தான். ரயிலும் சாலையும் வந்து அந்த வியாபாரத்தைத் தின்ற பிறகு, மிச்சமிருந்த நடமாட்டம் குற்றமாகிவிட்டது. 1947-இல்தான் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தைக் கைவிட்டது.

மற்றவர்களுக்கும் ஒரு பிரிவு காத்திருந்தது. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109-ஆவது பிரிவுப்படி, பிழைப்புக்கு வெளிப்படையான வழி இல்லாதவரிடமும், தன்னைப் பற்றித் திருப்தியாகப் பதில் சொல்ல முடியாதவரிடமும் நன்னடத்தைக்குப் பிணை கேட்கலாம். 1973-இல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது அந்தப் பகுதி கழன்றுபோனது. ஆனால் ராத்திரி ரோந்து வரும் போலீஸ்காரர், பாலத்தடியில் பைக்கை நிறுத்திப் பேசிக்கொண்டிருக்கும் பையன்களிடம் இன்னும் அதைத்தான் கேட்கிறார்: “இந்நேரத்துல இங்க என்னப்பா வேலை?” ‘வேலை’ என்ற சொல்லில்தான் அந்தக் கேள்வியின் முழு எடையும் இருக்கிறது. ‘சும்மா’ என்ற பதில் வீட்டு வாசலில் செல்லும், இங்கே செல்லாது.

எட்டுப் பத்து வண்டி

புறநகரில் இந்தச் சொல்லுக்கு இன்றுள்ள பொருளைக் கொடுத்தது மின்சார ரயில். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதைக்கு மின்சாரம் வந்தது அதுவே முதல்முறை. சுமார் 29 கிலோமீட்டர். அதற்கு முன்பும் ரயில் உண்டு. ஆனால் அடிக்கடி, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏறும்படியான வண்டி வந்த பிறகுதான் ஏரிக்கரை ஊர்கள் ஆபீஸ்காரர்களின் ஊராயின. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு இங்கிருந்த புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ் மரம் மரமாக வளர்த்த அந்த வளாகத்தில் மான்கள் இன்றைக்கும் திரிகின்றன. பால் மட்டும்தான் திரிந்தால் கெடும் போலிருக்கிறது.

ரயில் வந்ததும் மனிதர்கள் இரண்டு வகையானார்கள். எட்டுப் பத்து வண்டிக்குப் போகிறவர், போகாதவர். டிபன் பாக்ஸ், மடித்த பேப்பர், சட்டைப்பையில் சீசன் டிக்கெட் என்று கிளம்புகிறவர் தினமும் ஐம்பது அறுபது கிலோமீட்டர் போய்வந்தாலும் அவர் சுற்றவில்லை, ‘வேலைக்குப் போறார்’. வண்டி போன பிறகு பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் ஓர் அடி நகராவிட்டாலும் ஊர்சுத்தி. தூரத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் அன்றைக்கே உறவு விட்டுப்போயிற்று. கல்யாணப் பேச்சில் பையனைப் பற்றி விசாரிக்கிறவர்கள் கேட்பதும் கிலோமீட்டர் கணக்கை இல்லை. “பையன் எப்படி?” “வேலைக்குப் போறான், வீட்டுக்கு வர்றான். சுத்தறதெல்லாம் கிடையாது” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் அது நற்சான்றிதழ்.

அதே சீசன் டிக்கெட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. மாதம் முழுக்கப் பணம் கட்டியாயிற்று, ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கிறதே என்று அதை வைத்துக்கொண்டு கடற்கரைவரை போய்க் காற்று வாங்கிவிட்டு வந்தவர்கள் ஏராளம். அந்த மீட்டர் கேஜ் வண்டிகள் 2004 ஜூலை முதல் தேதியோடு நின்றன. அகலப் பாதை வந்தது, பெட்டி அகலமானது, ஞாயிற்றுக்கிழமைச் சபலம் மட்டும் அப்படியே இருக்கிறது.

உலகத்தைச் சுற்றினால் போகட்டும்

வசவாகிப்போன சொல்லைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டவர்களும் உண்டு. ஏ.கே. செட்டியார் அதில் முதலில் வருகிறவர். காந்தி படத்துக்காக நாடு நாடாக அலைந்து சேர்த்த காட்சிகளை 1940-இல் திரைக்குக் கொண்டுவந்தவர். பயணக்கட்டுரைக்குத் தமிழில் நிலையான இடம் வாங்கிக் கொடுத்தவர். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்ற அவருடைய புத்தகத்தின் பெயரே அவருக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. 1973-இல் எம்.ஜி.ஆர். அந்தத் தமிழனை வாலிபனாக்கினார். ‘உலகம் சுற்றும் வாலிபன்’ ஒசாகாவில் நடந்த எக்ஸ்போ 70 கண்காட்சி, ஹாங்காங், சிங்கப்பூர், தாய்லாந்து என்று சுற்றி எடுத்த படம். விமானத்தை வானத்தில் மட்டுமே பார்த்தவர்களுக்கு அது மலிவான டிக்கெட்டில் ஓர் உலகப் பயணம். ஊரைச் சுற்றினால் உதவாக்கரை, உலகத்தைச் சுற்றினால் நாயகன் என்ற கணக்கு அப்போது உறுதியானது.

இந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளாதவர் ராகுல் சாங்கிருத்தியாயன். ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ எழுதிய அதே ராகுல்ஜி, சுற்றுவதே உயர்ந்த தர்மம் என்று இந்தியில் ‘குமக்கட் சாஸ்திரம்’ எழுதினார். தமிழில் அது ‘ஊர்சுற்றிப் புராணம்’ ஆனது. வேறு மொழியில் இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்குமா தெரியாது. ஏனென்றால் இந்தியில் ‘கூம்னா’ என்றால் சக்கரம் சுழல்வதும்தான், மனிதன் ஊர் சுற்றுவதும்தான். இரண்டு மொழியும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. தலைப்பில் சாஸ்திரத்தைப் புராணமாக்கியதில் ஒரு குறும்பும் இருக்கிறது. புராணம் பாட ஒரு நாயகன் வேண்டும். தெருவில் திட்டு வாங்கிக்கொண்டிருந்த ஊர்சுற்றிக்கு அந்த இடம் கிடைத்தது.

சென்னைக்கு ஒரு நாள் மட்டும் எந்த சாஸ்திரமும் தேவைப்படுவதில்லை. காணும் பொங்கலன்று சுற்றாதவன்தான் குற்றவாளி. ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்துக் குடும்பங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பட்டணம் போய் ‘செத்த காலேஜ், உயிர் காலேஜ்’ பார்த்துவிட்டு வரும். முன்னது எழும்பூர் அருங்காட்சியகம், பின்னது மிருகக்காட்சிசாலை. 1985-இல் உயிர் காலேஜ் வண்டலூருக்கு இடம் மாறி, சுமார் 600 ஹெக்டேர் காட்டில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஆனது. கூட்டமும் எதிர்த்திசைக்குத் திரும்பியது. பட்டணத்துக்காரர்கள் இப்போது தாம்பரத்தைத் தாண்டி வருகிறார்கள். புளிச்சோறு, தயிர்சோறு, விரிக்க ஒரு பழைய போர்வை. நடக்க முடியாத பாட்டியையும் கைத்தாங்கலாக இழுத்துக்கொண்டு கூண்டு கூண்டாகச் சுற்றுவார்கள். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் பிள்ளையைச் சுற்றாதே என்று அதட்டுகிற அப்பா, அன்றைக்கு அவரே முன்னால் நடப்பார்.

சொல்லுக்குக் கிடைத்த உபதொழில்கள்

இதற்குள் சுத்து ஏகப்பட்ட சில்லறை வேலைகளை எடுத்துக்கொண்டது. பொய் சொன்னால் ரீல் சுத்தறான். ஏமாற்றினால் காதில் பூ சுத்தறான். பெண்ணின் பின்னால் போனால் சுத்திச் சுத்தி வர்றான். நேரே சொல்லாவிட்டால் சுத்தி வளைக்கிறான். கூகுள் மேப் தவறான சந்தில் இறக்கினால் ‘மேப் நல்லா சுத்தி விட்டுடுச்சு’. எல்லாம் முடிந்து பழைய இடத்துக்கே வந்து நின்றால், ‘சுத்திச் சுத்திச் சுப்பர் கொல்லை’.

இவற்றில் கசப்பானது ‘சுத்த விடறது’. “ஒரு கையெழுத்துக்கு நாலு வாட்டி சுத்த விடறாங்க” என்று ஒருவர் சொல்லும்போது, சுற்றுகிறவர் அவர்தான், சுற்றுவதற்குக் காரணம் இன்னொருவர். தானாகச் சுற்றுகிறவனுக்கு வசவு. பிறரைச் சுற்ற விடுகிறவருக்கு நாற்காலி. ஜெராக்ஸ் கடை, நோட்டரி, மறுபடி கவுன்டர் என்று அந்தச் சுற்று முடிகிற நேரத்தில் அது அலைச்சலாக மாறியிருக்கும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்து, தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே போனபோது தாம்பரத்து டீக்கடைகளில் நடந்த வாக்குவாதமும் இந்த அலைச்சலைப் பற்றித்தான். பெருங்களத்தூர்க்காரர் “பக்கத்துல வந்துடுச்சு” என்றார். வடசென்னையில் சொந்தம் வைத்திருந்தவர் “அலைச்சல்” என்றார். பேருந்து நிலையம் ஒன்றே. அதைத் தூரமா பக்கமா என்று தீர்மானித்தது அவரவர் வீட்டு விலாசம்.

பெண்ணுக்கு வந்தபோது

ஆணிடம் இந்தச் சொல் வசவாக வந்தாலும் பாதி செல்லமாகவே வரும். பெண்ணிடம் அப்படியில்லை. “அந்தப் பொண்ணு நல்லா ஊர் சுத்தும்” என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் நடந்த தூரத்தை நினைப்பதில்லை. கூட யார் என்று நினைக்கிறார். உலாவில் மாடத்தில் நின்றவள் வீதிக்கு இறங்க ஒரு காரணம் காட்டியே ஆக வேண்டியிருந்தது. கோயில், மார்க்கெட், டியூஷன், ஆஸ்பத்திரி.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்று அரசு அறிவித்தது. பிறகு அதற்கு ‘விடியல் பயணம்’ என்று பெயர் வந்தது. வேலைக்குப் போகிற பெண்களுக்கு மிச்சமாகும் காசைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள், பேச வேண்டியதும்தான். ஆனால் இன்னொன்றும் நடந்தது. காரணத்தோடு சேர்ந்து காசும் கேட்டு வாங்க வேண்டியிருந்தவர்களுக்கு, இரண்டில் ஒன்று தேவையில்லாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போகிற பேருந்தில் ஏறிப் பார்த்தால் தெரியும். பழைய மிக்ஸியிலிருந்து பூச்செடி, புறா, கழற்றிப் போட்ட செல்போன்வரை தரையில் விரித்து விற்கும் சந்தை அது. ஒயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு நாலைந்து அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். கண்டக்டர் விலை இல்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். ஒருவர் கூடையில் அதைச் சொருகிக்கொண்டே பக்கத்திலிருப்பவரிடம் சொல்வார்: “வாங்கறதுக்கு ஒண்ணும் இல்லக்கா. சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு.” திரும்பி வரும்போது கூடையில் ஒரு ரோஜாச் செடி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ‘ஒரு சுத்து’ என்று அந்தச் சொல்லைத் தனக்குத்தானே, வெட்கப்படாமல் சொல்லிக்கொள்கிற பெண்கள் முன்பும் இருந்தார்கள். பேருந்தின் முன்னிருக்கையில் கூட்டமாக உட்கார்ந்து சொல்வது புதிது.

மாநகரப் போக்குவரத்துக் கழகம் இதற்கு முன்பே ஒருமுறை இந்தச் சொல்லுக்கு விலை குறித்திருந்தது. ‘விருப்பம்போல் பயணம்’ என்று ஒரு பாஸ். ஒரு நாளுக்கு 50 ரூபாய், மாதத்துக்கு 1000 ரூபாய் என்று பல வருஷம் கொடுத்தார்கள். 21ஜி-யில் ஏறிப் பாரிமுனை போகலாம், அங்கிருந்து மனம்போன பேருந்தில் ஏறலாம், இறங்கலாம், எங்கே போகிறாய் என்று கேட்பாரில்லை. சேல்ஸ் வேலைக்காரர்கள்தான் அதை அதிகம் வாங்கினார்கள். பள்ளி விடுமுறையில் பேருந்து பைத்தியம் பிடித்த பையன்களும் வாங்கினார்கள். ஒரே பாஸில் ஒருவர் அலைந்தார், இன்னொருவர் சுற்றினார்.

ஏரிக்கரையும் சண்முகம் சாலையும்

இப்போது காலை ஆறு மணிக்குச் சிட்லபாக்கம் ஏரிக்கரைக்கோ செம்பாக்கம் ஏரிக்கரைக்கோ போனால், இந்தச் சொல்லின் சுத்தமான வடிவத்தைப் பார்க்கலாம். நூற்றுக்கணக்கானோர் எங்கும் போகாமல், கிளம்பிய இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருப்பார்கள். கையில் கட்டிய கடிகாரம் அடி அடியாக எண்ணும். டாக்டர் சொன்னதால் இதற்குப் பெயர் வாக்கிங். “நாலு ரவுண்டு முடிச்சிட்டேன்” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். சர்க்கரை வியாதி வந்த பிறகு சுற்றுவதற்கு மரியாதை வந்துவிட்டது. வருவதற்கு முன்னால், இருபது வயதில், அதே ஏரிக்கரையில் சுற்றியபோது அடி விழுந்தது.

அதே நேரத்தில் மேடவாக்கம் கூட்ரோட்டில் கலர் சட்டை போட்ட டெலிவரி இளைஞர்கள் வண்டியோடு நிற்பார்கள். ஒரு நாளில் அவர்கள் சுற்றுகிற அளவுக்கு இந்தப் பக்கத்தில் வேறு யாரும் சுற்றுவதில்லை. தெருத் தெருவாக, மாடி மாடியாக. ஆனால் அவர்கள் வாயில் அந்தச் சொல் வராது. “சொமாட்டோ ஓட்டறேன்”, “ஸ்விக்கி ஓட்டறேன்” என்பார்கள். செல்போன் அடுத்த தெருவைக் காட்டுகிறவரை ஒரு மரத்தடியில் நிற்கும் அந்தப் பத்து நிமிஷம்தான் அவர்கள் சுற்றாத நேரம். போகிறவர்கள் பார்த்தால் ‘வெட்டியா நிக்கறானுங்க’ என்பது அந்த நேரத்தைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் நுழைந்தால் ராகுல்ஜியின் மொழி காதில் விழும். பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் எழும்பும் அடுக்குமாடிகளில் கம்பி கட்டுகிற, டைல்ஸ் ஒட்டுகிற பீகார், ஒடிசா, வங்காள இளைஞர்கள் அன்றைக்கு வெளியே வருகிறார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டு, நாலைந்து பேராகத் தோள்மேல் கை போட்டு நடக்கிறார்கள். செல்போன் கவர் விலை கேட்பார்கள், வாங்க மாட்டார்கள். ஜீன்ஸைத் தொட்டுப் பார்ப்பார்கள். சோளம் சுடுகிற இடத்தில் நிற்பார்கள். கடைக்காரர் தெரிந்த இந்தியில் எங்கே கிளம்பினீர்கள் என்று கேட்டால், “கூம்னே” என்கிறார்கள். “சுத்தவா?” என்று அவர் தமிழில் திருப்பிக் கேட்கிறார். சிலருக்கு அந்தச் சொல் தெரிந்துவிட்டது. “ஆமாண்ணா, சுத்த” என்கிறார்கள். தமிழில் அவர்கள் கற்றுக்கொண்ட சொற்களில் பெரும்பாலும் வேலைச் சொற்கள்: சீக்கிரம், தண்ணி, மேல, புடி, காசு. வேலைக்கு உதவாத சொல் இது ஒன்றுதான்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924-இலிருந்து 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் ‘சுற்று’க்குப் பொருள் மேல் பொருளாக அடுக்குகிறது. எந்த அகராதியும் அவ்வளவுதான் செய்ய முடியும். யார் சுற்றினால், எந்தக் கிழமை, எவ்வளவு டிக்கெட்டில் என்பதை அகராதி சொல்லாது. ஆனால் அந்த மூன்றையும் வைத்துத்தான் தாம்பரத்தில் இந்தச் சொல் வசவாகவோ வாழ்த்தாகவோ விழுகிறது. 1931-இல் ஒரு ரயிலும் 2021-இல் ஒரு விலை இல்லாத டிக்கெட்டும் அதன் பொருளை மாற்றின. புலவர்களைவிட கண்டக்டர்களுக்கு இந்தச் சொல்மேல் அதிக அதிகாரம் இருந்திருக்கிறது. அடுத்த மாற்றமும் கட்டணப் பலகையிலிருந்தோ, வாரத்தில் இன்னும் அரை நாள் கூடுதலாகக் கிடைக்கிற லீவிலிருந்தோதான் வரும்.